சைக்கிளை இறக்கி வைக்க வேண்டிய இடம்
பாராடாங் வழியே ஓர் அந்தமான் மலைப் பயணத் திட்டம்

நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலை ஏறப் போகும் பழக்கம் பெங்களூர்த் தமிழ் இளைஞர்களிடம் இப்போது நன்றாகவே வேரூன்றிவிட்டது. ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைச் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். கன்னடம், தமிழ், தெலுங்கு எல்லாம் கலந்து மூச்சு வாங்கிக்கொண்டே மேலே போகும். நந்தி பழகியவர்கள் அடுத்து ஏற்காட்டுக்கும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லி மலைக்கும், 36 வளைவுகளில் ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலைக்கும் போகிறார்கள். அவற்றையும் முடித்தவர்களின் கண் இப்போது கடலைத் தாண்டிப் போயிருக்கிறது. அந்தமான்!

அந்தமானில் மலையா என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. வட அந்தமானில் டிக்லிப்பூருக்கு அருகே நிற்கும் சாடில் பீக் என்ற சிகரத்தின் உயரம் 732 மீட்டர். அந்தமான் தீவுகளிலேயே அதுதான் உயரமானது. 1,478 மீட்டர் நந்தி மலையை ஏறியவனுக்கு இது எந்த மூலைக்கு என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். பெங்களூர் நகரமே கடல் மட்டத்துக்கு மேல் 920 மீட்டரில் இருக்கிறது. ஆகவே வீட்டு வாசலிலிருந்து நந்தி உச்சிக்கு உயர வித்தியாசம் 560 மீட்டர் போலத்தான். சாடில் பீக்கிலோ கடற்கரை மணலில் கால் வைத்து ஆரம்பிக்க வேண்டும். 732 மீட்டரையும் சொந்தக் காலால்தான் சம்பாதிக்க வேண்டும்.

வரைபடத்தில் போட்ட நேர்கோடு

எங்கள் அலுவலக நண்பர் ஒருவரின் மகனும் அவன் தோழர்கள் மூவரும் சில மாதங்களுக்கு முன் ஒரு வரைபடத்தோடு என்னிடம் வந்தார்கள். நான் அந்தமான் போய் வந்தவன் என்பதோடு, கால அட்டவணையோடு மல்லாடுவதே பிழைப்பாக உள்ளவன் என்பதும் காரணம். போர்ட் பிளேயரில் தொடங்கி டிக்லிப்பூர் வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல். அதை நாலாக வகுத்து, முதல் நாள் ராத்திரி பாராடாங்கில் தங்கல் என்று குறித்திருந்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கோட்டின் நடுவே ஒரு பெரிய காடு இருக்கிறது. அதற்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது வரைபடத்தில் தெரியவில்லை.

போர்ட் பிளேயர் என்று நாம் சொல்லிப் பழகிய ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து வடக்கே போகும் ஒரே பெரிய சாலை அந்தமான் டிரங்க் ரோடு. சுமார் 40 கிலோமீட்டர் போனதும் ஜிர்காடாங் என்ற இடத்தில் போலீஸ் சோதனைச் சாவடி வருகிறது. அதற்கு அப்பால் மிடில் ஸ்ட்ரெயிட் என்ற நீரிணை வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம் ஜாரவா பழங்குடியினரின் ஒதுக்கீட்டுக் காடு. நீரிணைக்கு அக்கரையில் இருப்பதுதான் பாராடாங் தீவு.

இந்த 50 கிலோமீட்டரில் நினைத்த நேரத்தில் நினைத்த வண்டியில் போக முடியாது. ஒரு நாளில் சில குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் வாகனங்களை வரிசையாக நிறுத்தி, பேர் எழுதி வாங்கி, போலீஸ் காவலோடு ஒரே அணியாக அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது. முந்தக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. ஜாரவாக்களைக் கண்டால் தின்பண்டம் கொடுக்கவோ பேச்சுக் கொடுக்கவோ கூடாது. மீறினால் சிறை வரை போகும் குற்றம். ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் ஓடும் இந்த மோட்டார் அணியில் மிதிவண்டிக்கு ஏது இடம்? ரயில்வே பாஷையில் சொன்னால், இது டோக்கன் வாங்கிக்கொண்டு போகும் ஒற்றைப் பாதை. டோக்கன் இல்லாத வண்டி உள்ளே நுழையக் கூடாது.

இதைக் கேட்டதும் பையன்களுக்கு முகம் வாடிவிட்டது. "அங்கிள், ரோடு கவர்ன்மெண்டு ரோடுதானே? சைக்கிளால் யாருக்கு என்ன கெடுதல்? புகை கூட வராதே!" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல அந்தச் சாலையின் கதையைச் சொல்ல வேண்டும்.

சாலை வந்த கதை

ஜாரவாக்கள் வேட்டையாடியும் மீன் பிடித்தும் தேன் எடுத்தும் வாழ்கிறவர்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தமே 380 பேர். ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுவார்கள். 1970களில் அவர்கள் காட்டை வெட்டிச் சாலை போட்டபோது அம்பு விட்டு எதிர்த்தார்கள். சாலை நின்றபாடில்லை. 1996ல் கால் முறிந்து கிடந்த ஜாரவாச் சிறுவன் ஒருவனைப் போர்ட் பிளேயருக்குக் கொண்டுவந்து சிகிச்சை செய்து திருப்பி அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு, 1997 அக்டோபர் முதல், ஜாரவாக்கள் வில் அம்பு இல்லாமல் குடியேற்றப் பகுதிகளுக்குத் தாங்களாகவே வரத் தொடங்கினார்கள். பகை தீர்ந்தது என்று ஊர் மகிழ்ந்தது. ஆனால் 1999ல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி உண்டு, வழிவழியாக வந்த எதிர்ப்புச் சக்தி உண்டு. தனித்து வாழ்ந்தவர்களுக்கு அது கிடையாது. நமக்கு மூன்று நாள் ஜலதோஷம் என்பது அவர்களுக்கு உயிராபத்து.

2002 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட், ஷேகர் சிங் கமிஷனின் அறிக்கையை ஏற்று, ஒதுக்கீட்டுக் காட்டுக்குள் போகும் சாலைப் பகுதிகளை மூடும்படி உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. வடக்கே உள்ள ஊர்களுக்கு ஆஸ்பத்திரி, பள்ளி, சந்தை எல்லாவற்றுக்கும் இதுவே வழி என்று நிர்வாகம் வாதாடியது. அதிலும் உண்மை உண்டு. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் இருப்பவர்களில் பலர் நம் தமிழர்கள். நோயாளியை ஏற்றிக்கொண்டு இரவில் காத்து நிற்கும் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும்.

2012 ஜனவரியில், சாலையோரத்தில் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் சொல்லும் வீடியோ ஒன்றை லண்டன் அப்சர்வர் பத்திரிகை வெளியிட்டது. உலகமே தலை குனிந்தது. 2013 ஜனவரியில் சுற்றுலாப் பயணிகள் இந்தச் சாலையில் போவதையே சுப்ரீம் கோர்ட் தற்காலிகமாக நிறுத்தி வைத்து, பிறகு மார்ச் மாதத்தில் அனுமதித்தது.

ஆகவே சைக்கிள் புகை விடுகிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. மோட்டார் வண்டி கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் போய்விடும். சைக்கிள்காரன் மூச்சு வாங்க நிற்பான், தண்ணீர் குடிப்பான், பங்க்சர் ஒட்டுவான், தும்முவான். எந்த நிதானத்துக்காகச் சைக்கிளை நாம் விரும்புகிறோமோ அந்த நிதானமே அங்கே ஆபத்து.

நான் போனபோது பஸ்ஸில் இதே கேள்வியைப் பக்கத்து இருக்கைக்காரர் கண்டக்டரிடம் கேட்டார். கண்டக்டர் நம் ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பத்துப் பிள்ளை. பிறந்து வளர்ந்தது அந்தமானில். "ஏன் சார், உங்க வீட்டு நடுக்கூடத்து வழியா பஸ் விட்டா நீங்க சும்மா இருப்பீங்களா? போறதுதான் போறோம், சத்தம் போடாம போயிடுவோம் சார்" என்றார். அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை.

பாராடாங்கில் என்ன உண்டு?

மிடில் ஸ்ட்ரெயிட்டில் காடு முடிகிறது. இத்தனை ஆண்டுகளும் வாகனங்களைப் பெரிய படகில் ஏற்றித்தான் நீலாம்பூர் துறைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். அக்கரையில் கால் வைத்ததும் பாராடாங். இங்கே சைக்கிளைக் கீழே இறக்கலாம்.

தீவு பெரிதல்ல. மேடும் பள்ளமுமான சாலை. இரு பக்கமும் பாக்குத் தோப்பும் காடும். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்ட ராஞ்சிக்காரர்கள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்களின் வாரிசுகள் இங்கே அதிகம். மரம் வெட்டிச் சாலை போட்டுத் தீவுக்கு உருவம் கொடுத்தது அவர்கள் உழைப்பு.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று சுண்ணாம்புக் குகை. நீலாம்பூர் துறையிலிருந்து படகில் ஏறி, அலையாத்திக் காட்டின் வளைந்த மரங்கள் குடை பிடிக்கும் கழிமுகத்தில் போய் இறங்கி, ஒன்றரை கிலோமீட்டர் போல் நடக்க வேண்டும். மழைத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விழுந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் கூரையிலிருந்து தொங்கும் தூண்களை உண்டாக்கியிருக்கிறது. தொட்டால் கையின் எண்ணெய்ப் பசை பட்டு வளர்ச்சி நின்றுபோகும். கண்ணால் பார்ப்பதோடு சரி.

இரண்டாவது சேற்று எரிமலை. பெயரைக் கேட்டு நெருப்பை எதிர்பார்க்க வேண்டாம். பூமிக்கு அடியில் மக்கும் பொருள்களிலிருந்து கிளம்பும் வாயு, களிமண்ணையும் தண்ணீரையும் மேலே தள்ளுகிறது. கூழ் கொதிப்பது போலக் குமிழி விடும் சேறு தொட்டால் குளிர்ச்சிதான். 2004 டிசம்பர் பூகம்பத்தை அடுத்து இது சீறியதுண்டு. நிஜமான நெருப்பு எரிமலை, கடலில் தனியே இருக்கும் பாரன் தீவில் இருக்கிறது.

நீலாம்பூரிலிருந்து பாலுடேரா கடற்கரைக்கும், சேற்று எரிமலை இருக்கும் பக்கத்துக்கும் சைக்கிளில் போய் வரலாம். மலைப் பயணத்துக்கு இது நல்ல பயிற்சி. ஏற்றம் நீளமில்லை, ஆனால் குட்டிக் குட்டியாகச் செங்குத்து. காற்றில் ஈரப்பசை அதிகம். பெங்களூர்க் குளிரில் பழகிய உடம்பு பத்து கிலோமீட்டரிலேயே சட்டையைப் பிழிய வைக்கும்.

ஏற்றத்தைக் கணக்கிடுவது எப்படி?

மலைச் சாலைத் திட்டத்துக்குத் தூரம் மட்டும் போதாது. ஏறும் உயரத்தைத் தூரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். ரயில் பாதை ஓரத்தில் சரிவைக் குறிக்கும் பலகைகளை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். பம்பாய்க்குப் போகும் வழியில் போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்கே பின்னாலிருந்து தள்ள இன்னோர் எஞ்சின் வேண்டியிருக்கிறது. ஊட்டி ரயிலில் சுமார் 12 அடிக்கு ஓர் அடி. அங்கே பல்சக்கரம் இல்லாமல் முடியாது. சைக்கிளுக்கும் அதே கதைதான். 20 அடிக்கு ஓர் அடி என்றால் மூட்டையோடு நிதானமாக மிதிக்கலாம். 12 அடிக்கு ஓர் அடி என்றால் பல் குறைந்த முன் சக்கரமும் கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும். அதற்கும் மேலே போனால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமே இல்லை.

போர்ட் பிளேயரிலேயே இதற்கு ஒரு பரீட்சை உண்டு. சாத்தம் தீவிலிருந்து படகில் பாம்பூ பிளாட் போய், மவுண்ட் ஹேரியட் ஏறலாம். உயரம் 383 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து சில கிலோமீட்டருக்குள் இவ்வளவையும் ஏறிவிட வேண்டும். 1891ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மணிப்பூர் வீரர்கள் நாடு கடத்தப்பட்டு இந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் நினைவாக 2021ல் மலைக்கு மவுண்ட் மணிப்பூர் என்று பெயர் வைத்தார்கள். பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டின் பின்புறம் உள்ள காட்சி இங்கிருந்து தெரிவதுதான். இந்த மலையைச் சிரமமின்றி ஏறினால் வடக்கே போகத் தகுதி வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பத்து நாள் திட்டம்

பையன்களோடு உட்கார்ந்து நான் திருத்திப் போட்ட திட்டம் இது. வாசகர்களுக்கும் பயன்படலாம்.

முதல் நாள் போர்ட் பிளேயர். விமானத்தில் போனால் சைக்கிளைப் பெட்டியில் கழற்றி அடுக்கியிருப்பீர்கள். அதைப் பூட்ட ஒரு பொழுது வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மூன்று நாள் போலக் கூடுதலாகும். லீவு அதற்கு இடம் தர வேண்டும். இரண்டாம் நாள் மவுண்ட் ஹேரியட். மூன்றாம் நாள் விடியுமுன் பஸ் அல்லது வாடகை ஜீப்பில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு பாராடாங். சைக்கிளைக் கூரையில் ஏற்றச் சம்மதிப்பார்களா, அன்றைக்கு அணி எத்தனை மணிக்கு என்பதை முதல் நாளே விசாரித்துவிட வேண்டும். அடையாள அட்டை அவசியம். நான்காம் நாள் குகையும் சேற்று எரிமலையும். குகைக்கு எந்த நாளில் அனுமதி என்று கேட்டுக்கொள்க.

ஐந்தாம் நாள் மறுபடியும் வண்டியில் ரங்கத். பாராடாங்கின் வட எல்லையில் ஹம்ப்ரி நீரிணை. அதன்மேல் ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது என்ற ஒன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம் வந்துவிட்டது. பாலத்தின்மேல் மிதிக்க ஆசை வரும். ஆனால் கதம்தலா பக்கம் மறுபடி ஒதுக்கீட்டுக் காட்டின் ஓரம் வருகிறது. ஆகவே ரங்கத் போய்ச் சேரும்வரை ஆசையை அடக்குவதே முறை.

ஆறாம் நாள் முதல் சைக்கிள் ராஜ்யம். ரங்கத்திலிருந்து மாயாபந்தர் சுமார் 70 கிலோமீட்டர். ஆம்குஞ்ச் கடற்கரை, தனிநல்லா அலையாத்திக் காட்டு மரப்பாலம், ஆமைகள் முட்டையிட வரும் கத்பர்ட் விரிகுடா எல்லாம் வழியில். மாயாபந்தருக்கு அருகே வேபி கிராமத்தில் 1925ல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்கள் இருக்கிறார்கள். ஏழாம் நாள் ஆஸ்டின் நீரிணைமேல் செங்கப்பா பாலத்தைத் தாண்டி வட அந்தமானுக்குள் புகுந்து டிக்லிப்பூர். எட்டாம் நாள் சுமார் 20 கிலோமீட்டர் மட்டும் மிதித்துக் காலிப்பூர், காலுக்கு ஓய்வு.

ஒன்பதாம் நாள் மலை. லாமியா விரிகுடாவில் வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். முதலில் கடற்கரைப் பாறைகள். பிறகு அடர்ந்த காட்டுக்குள் செங்குத்து. போக மட்டும் 8 கிலோமீட்டர் போல் ஆகும். தீவில் ஓடும் கல்போங் ஆறு இந்த மலையில்தான் பிறக்கிறது. வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொள்வது நல்லது. பத்தாம் நாள் ஏரியல் பே துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் பிடித்தால், சைக்கிளோடு கடல் வழியே போர்ட் பிளேயர் திரும்பிவிடலாம்; ஜாரவாக் காட்டுக்குள் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. கப்பல் தினமும் இராது. ஆகவே ஓரிரு நாள் உபரி லீவு கையில் இருக்கட்டும்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவை

அந்தமானில் நம் கடிகாரம்தான். ஆனால் தீவுகள் கிழக்கே வெகு தூரம் தள்ளி இருக்கின்றன. டிசம்பரில் மாலை 5 மணிக்கே அஸ்தமனம். 4 மணிக்குள் தங்குமிடம் சேர்வதுபோல் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். மே மாதம் தொடங்கும் மழை வருஷக் கடைசிவரை விட்டுவிட்டுப் பெய்யும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று குளிக்க இறங்கக் கூடாது. காட்டில் அட்டை, மணலில் கடிக்கும் பூச்சி. டியூப், செயின் இணைப்பு, பிரேக் கட்டை ஆகியவற்றைப் போர்ட் பிளேயரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வடக்கே கடைகள் குறைவு. ரொக்கப் பணமும் கையில் வேண்டும்.

பாஷைக்குப் பயமில்லை. இந்தி எல்லோருக்கும் தெரியும். அதோடு தீவுகளில் வங்காளிகளுக்கு அடுத்த பெரிய கூட்டங்களில் நாமும் ஒன்று. போர்ட் பிளேயரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. தமிழ் வழிப் பாடம் நடக்கும் அரசுப் பள்ளிகளும் உண்டு.

சைக்கிளுக்கும் இந்தத் தீவுகள் புதிதல்ல. கார் நிக்கோபாரைச் சேர்ந்த தெபோரா ஹெரால்டு 2004 சுனாமியில் ஒன்பது வயதுச் சிறுமியாக உயிர் தப்பி, பிறகு சைக்கிள் பந்தயங்களில் இந்தியாவின் பெயரை உலகுக்குச் சொன்னவர். அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

எங்கள் பையன்கள் என்ன முடிவு செய்தார்கள் என்று கேட்கலாம். மூன்று பேர் நான் சொன்னபடியே ஒரு தடவை மட்டும் பஸ்ஸில் பாராடாங் பார்த்துவிட்டுப் போவதாகத் தீர்மானித்தார்கள். சைக்கிளுக்குப் புகையில்லை என்று வாதாடிய நாலாமவன் மட்டும், "நான் ரங்கத்துக்குக் கப்பலில் வருகிறேன், நீங்கள் அங்கே வந்து சேருங்கள்" என்று சொல்லிவிட்டான். குகை பார்க்கும் ஆசை அவனுக்கும் இருந்தது. விட்டுக்கொடுத்தான். அவனை மற்றவர்கள் கேலி செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு வழியும் சட்டப்படி சரியானவையே. எதைத் தேர்வது என்பது அவரவர் மனசாட்சி. ஆனால் திட்டம் போட உட்காரும் நண்பர்கள், எங்கே மிதிப்பது என்று குறிக்குமுன், எங்கே இறங்கி நிற்பது என்று முதலில் குறித்துக்கொள்ளட்டும். மற்றதெல்லாம் தூரக் கணக்குதான்; அதைக் கால் பார்த்துக்கொள்ளும்.